998 அல்ல, 1197: என் கார் காப்பீட்டின் மூன்று ஆண்டுகள்

பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்கள் கார் காப்பீடு வைத்திருந்த கம்பெனியிலேயே நானும் எடுக்கலாமா?" தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது 2019 ஆகஸ்டில் வாங்கிய வேகன்ஆர், 1.2 லிட்டர் எஞ்சின். புது காரோடு கட்டாயமாக எடுத்த மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு (நம் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) 2022-இல் முடிந்ததும், சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்து இந்த நிறுவனத்துக்கு மாறினேன். இரண்டரை ஆண்டுகள் அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே நினைவில் இல்லை. பிறகு 2025 மார்ச்சில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பு ஓரமாக நிறுத்தியிருந்த காரின் முன்கண்ணாடியில் தென்னை மட்டை விழுந்தது. பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்புக்கு மறுநாள் மதியமே சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்துவிட்டார். நான்காம் நாள் கார் கையில். கட்டாயமாக நான் ஏற்க வேண்டிய ஆயிரம் ரூபாயைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. அன்று பார்த்தவர்களிடமெல்லாம் இந்த நிறுவனத்தைப் பற்றி நல்லதாகவே சொன்னேன்.

ஜூலையில் புதுப்பிப்பு அறிவிப்பு வந்தது. புது பிரீமியத்துக்குக் கீழே இன்னொரு வரி: பழைய நிலுவை ரூ. 4,680.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. வேகன்ஆர் 998 சிசி (1 லிட்டர்), 1197 சிசி (1.2 லிட்டர்) என இரண்டு எஞ்சின்களில் வருகிறது. 2022-இல் நிறுவனத்தில் பாலிசியைப் பதிவு செய்தவர் என் காரை 998 என்று பதிந்துவிட்டார். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் 1000 சிசி வரையான காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். வித்தியாசம் 1,322. மூன்று ஆண்டுக்கு 3,966, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சர்வேயர் எடுத்த ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) படத்தைப் பார்த்துத்தான் பிழையைக் கண்டுபிடித்தார்களாம்.

கணக்கில் தவறே இல்லை. அதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டாமல் ஏமாற்றியவன் நான்தானோ என்றுகூடத் தோன்றியது. பிறகு பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். 2022 ஆகஸ்டில் நான் அனுப்பிய ஆர்.சி. படம், இரண்டு பக்கமும். ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிகிறது. அதற்கு நேர் மேலே, எந்த மங்கலும் இல்லாமல், 1197.

அதைப் பார்த்த பிறகு பயம்தான் முதலில் வந்தது. மாதா மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் யார் மீதாவது கார் மோதியிருந்தால், இதே பிழையைக் காட்டி எங்களை அலைக்கழித்திருக்க மாட்டார்களா? கோபம் அதற்குப் பிறகு வந்தது.

பாலக்காட்டு அலுவலகத்தில் பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காப்பீட்டுச் சட்டம் 64விபி பிரிவின்படி பிரீமியம் முழுதாக வந்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பிரிவை எடுத்துப் படித்தேன். பணம் வாங்காமல் பொறுப்பை ஏற்காதே என்று அது கட்டளையிடுவது நிறுவனத்துக்கு, எனக்கல்ல. நீங்கள் கேட்ட தொகையைக் கேட்ட நாளில் கட்டினேன். பாலிசி கொடுத்தீர்கள். அதில் இரண்டு ஆண்டுகள் முடிந்தே போய்விட்டன. முடிந்த ஆண்டுக்கு இன்று விலை ஏற்றுவது எந்த நியாயம்?

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இதையே எழுதினேன். நடப்பு ஆண்டுப் பாலிசி இன்னும் உயிரோடு இருப்பதால் அந்த ஒரு வருட வித்தியாசம் 1,560 ரூபாயைக் கட்டுகிறேன், முந்தைய இரண்டுக்கும் கட்ட மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பதினைந்தாம் நாள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்தேன். அடுத்த படி, நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மன்). பிரீமியத் தகராறுகளையும் அவர் விசாரிக்கிறார், கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கேரளத்தில் வசிப்பதால் எங்களுக்குக் கொச்சி அலுவலகம்தான். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

ஆனால் ஆகஸ்ட் 20-இல் பாலிசி முடிகிறது. நிலுவையைக் கட்டாமல் புதுப்பிக்க அவர்களுடைய தளம் விடவில்லை. காப்பீடு இல்லாத காரில் அம்மாவை எப்படி ஏற்றிப் போவது? இரண்டு நாள் முன்னதாக வேறு நிறுவனத்தில் எடுத்தேன். பணம் கட்டும் முன் சிசி எண்ணை அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கே வரி. நிலுவை முழுவதையும் 'ஒருமுறைச் சலுகையாக' நீக்கிவிட்டார்களாம். நான் தருவதாகச் சொன்ன 1,560-ஐயும் கேட்கவில்லை. பணம் மிச்சம், ஆனால் எனக்குக் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. சலுகை என்றால் கொடுக்கிறவர் பெரியவர், வாங்குகிறவர் கடன்பட்டவர். நான் யாரிடமும் கடன்படவில்லை. 'எங்கள் பதிவில் நேர்ந்த பிழை' என்று ஒரு வரி சேர்த்துத் திருத்தி அனுப்பக் கேட்டு அன்றே எழுதினேன். இன்றுவரை வரவில்லை.

கிளைம் கொடுப்பதில் நான் பார்த்தவரை இவர்களை மிஞ்ச ஆளில்லை. பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்காரரும் அதையேதான் சொல்கிறார். இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அந்த ஒரு வரி வரும்வரை நானும் திரும்பிப் போவதாக இல்லை.