கன்னங்குறிச்சியில் ஒரு மூன்றடுக்கு வீடு: நான்கு ஆண்டு அனுபவம்

கீழே அத்தை, நடுத்தளத்தில் சமையலறையும் கூடமும், மேலே நாங்களும் பிள்ளைகளும். வீடு பார்க்க வந்த அன்று மொட்டைமாடியிலிருந்து சேர்வராயன் மலையைக் காட்டினார்கள். உடனே முன்பணம் கொடுத்துவிட்டேன். படிகளை எண்ணவில்லை. மேல்தளம் வரை 32.

அந்தப் படிகள்தான் பெரிய குறை. ஒவ்வொன்றும் எட்டு அங்குல உயரம். டேப் வைத்து அளந்தேன். ஓர் அங்குலம் குறைத்திருந்தால் அத்தையின் முழங்கால் வாழ்த்தியிருக்கும். 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். அதைத் தோளில் சுமந்து ஏறிவரும் தம்பிக்கு மோர் கொடுக்காமல் அனுப்ப மனம் வருவதில்லை. மூக்குக் கண்ணாடி எப்போதும் நான் இல்லாத தளத்தில்தான் இருக்கும்.

தண்ணீர் இன்னொரு வேடிக்கை. கீழ்க்குழாய் சீறும், மேல் குளியலறையில் நூலாக ஒழுகும். தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் போதவில்லை. ஆறடி மேடை கட்டித் தொட்டியை ஏற்றிய பிறகே சரியானது.

மே மாதத்தில் மேல்தளம் அடுப்பு. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில் கக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் அத்தையின் அறைக்கு இறங்கிவிடுவோம். அவருக்கு அந்த மாதம்தான் திருவிழா.

மற்றபடி, கீழே தொலைக்காட்சி அலறினாலும் மேலே பையன் நிம்மதியாகப் படிக்கிறான். இரவில் மாடியில் நின்றால் ஏற்காடு மலைப்பாதையில் வண்டி விளக்குகள் வளைவு வளைவாக ஏறுவது தெரியும். அத்தை அதை இன்னும் பார்க்கவில்லை.