சனிக்கிழமை இரவுக்கு எந்தப் படம்?

கனடாவிலிருந்து சித்தியின் மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்க ஒரு சனிக்கிழமை இரவுதான் கிடைத்தது. "அண்ணா, எங்கட ஆக்களைப் பற்றி வந்த நல்ல படம் ஒண்டு போடுங்கோ" என்றாள். எனக்கு உடனே இரண்டு படங்கள் ஞாபகம் வந்தன: 'டூரிஸ்ட் ஃபேமிலி', 'பரடைஸ்'. எதைப் போடுவது என்று அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். அந்த யோசனைதான் இது.

இரண்டு படங்களுக்கும் பின்னால் இருப்பது இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022. காலி வீதியில் பெற்றோல் வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே ஆட்கள் படுத்தெழும்பிய வருடம். வெறும் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கோத்து, ஆளுக்குப் பதிலாக அவற்றை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். அந்த நாட்டை விட்டு ஒரு தமிழ்க் குடும்பம் படகேறி இராமேஸ்வரம் போவது முதல் படம். அதே நாட்டுக்கு ஒரு மலையாளத் தம்பதி திருமண நாளைக் கொண்டாட வந்து இறங்குவது இரண்டாவது.

இப்படிப்பட்ட படங்களை நான் காதால்தான் முதலில் அளப்பேன். நான்கு 'ஓம்', இரண்டு 'வாங்கோ' தூவிவிட்டால் இலங்கைத் தமிழ் வந்துவிட்டது என்று நினைத்து எடுத்தவற்றை நாங்கள் நிறையவே பொறுத்திருக்கிறோம். 2021 இல் அமேசான் பிரைமில் வந்த 'தி ஃபேமிலி மேன்' இரண்டாவது பருவத்தைப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் போராளியாக வரும் சமந்தா உடம்பால் அந்தப் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தினார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாய் திறந்தால் பாடமாக்கிய தமிழ்தான் கேட்டது. தொடரின் அரசியல் மீது எனக்குள்ள கோபம் வேறு; தமிழ்நாட்டு அரசே அதைத் தடை செய்யச் சொல்லிக் கேட்டது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே 1 வெளிவந்தது. அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இதில் எங்கள் பேச்சு அலங்காரமாக நிற்கவில்லை, கதையே அதில்தான் நடக்கிறது. சென்னையில் வாடகை வீட்டில் ஒளிந்து வாழும் தர்மதாஸ் குடும்பம் வாய் திறந்தால் பிடிபட்டுவிடும். "இஞ்ச ஆரோடையும் எங்கட தமிழில கதைக்காதே" என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய நிலைமை கொழும்பில் வளர்ந்த எவருக்கும் புதிதில்லை. சோதனைச் சாவடியிலும் பஸ்ஸிலும் அம்மா என் கையை அழுத்திப் பிடித்து, தமிழில் பேச்சே எடுக்காமல் நின்றது எனக்கு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. அதனால் சசிகுமாரும் சிம்ரனும் ஒரு சொல்லை விழுங்கும் இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. சின்ன மகன் முள்ளியாக வரும் கமலேஷ் அந்தப் பயத்தையே விளையாட்டாக்கிச் சிரிக்க வைக்கிறான். கடைசியில் அந்தப் பேச்சுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

சரி, குறை என்ன? படம் எல்லாரையும் நல்லவராக்கிவிடுகிறது. 2022 இல் தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய குடும்பங்களை மண்டபம் அகதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னரே, 83 கலவரத்துக்குப் பிறகு போனவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, வளர்ந்து, குடியுரிமை இல்லாமலே கலியாணமும் கட்டிவிட்டார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில்கூடப் படம் போகவில்லை. அயலவர்களின் அன்பு போதும் என்று நம்பச் சொல்கிறது. பார்க்கும்போது நானும் நம்பினேன். மறுநாள் காலை நம்ப முடியவில்லை.

'பரடைஸ்' அப்படி ஆறுதல் தரும் படமில்லை. இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகே எடுத்தது. 2023 இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. ரோஷன் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும் நடிக்கும் தம்பதி இராமாயணத் தடங்களைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிறார்கள். தங்கியிருக்கும் இடத்தில் களவு போகிறது. கணவன் பொலிஸை நெருக்குகிறான். பொலிஸ் தமிழ்த் தொழிலாளர் சிலரைப் பிடித்து வந்து நிறுத்துகிறது. 'இவர்கள்தானா?' என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதிலில் ஒரு உயிர் போகிறது.

இங்கே தமிழ் எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். வந்தவர்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கதைக்கிறார்கள், பொலிஸ் சிங்களத்தில். தமிழ் பேசுகிறவர்கள் கூண்டுக்குள். மலையாளிக்குத் தமிழ் பாதியாவது விளங்கும்; விளங்கக்கூடிய காது பக்கத்தில் இருந்தும் அந்த மனிதருக்கு அது உதவவில்லை. என்னை உலுக்கியது இதுதான். சார்ஜன்ட் பண்டாரவாக வரும் மஹேந்திர பெரேராவையும் சொல்ல வேண்டும். கொடூரமானவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாத ஆள் அவர். களைத்துப்போன, மேலிடத்துக்குப் பயந்த ஒரு உத்தியோகத்தர். அவரைப் போன்றவர்களை நான் வரிசைகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் என்று ஊர்வலமும் கூட்டமும் நடந்ததும் அதே 2023 தான். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தப் படத்தில் கூண்டுக்குள் நிற்பவர்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணமும் தோட்டமும் ஒன்றாகவே தெரிகின்றன. அந்த வித்தியாசத்தை அவர்களுக்குக் காட்ட இந்தப் படம்தான் உதவும்.

படமாக எது பெரியது என்று கேட்டால் 'பரடைஸ்', தயக்கமே இல்லை. ஆனால் அன்றிரவு நான் போட்டது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அம்மா இருந்தா. பத்து வயதுப் பிள்ளை இருந்தான். அம்மாவின் தமிழைப் பெரிய திரைக்காரர் மரியாதையாகப் பேசுவதை அவ கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ இரண்டு இடத்தில் வசனத்தைத் திருத்தினா, மற்றபடி வாய் பேசாமல் பார்த்தா. 'பரடைஸ்' தங்கச்சிக்கும் எனக்குமாக அடுத்த நாள் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு. முடிந்ததும் இரண்டு பேரும் கனநேரம் கதைக்கவில்லை.

அப்புறம் நான் அவளுக்கு மூன்றாவதாக ஒன்றைக் காட்டினேன். அது படமில்லை: ஓவியர் தா. சனாதனனின் 2011 ஆம் ஆண்டுக் கலைநூல், முடிவுறாத தோம்பு. தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேர் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்த திட்டப்படங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கட்டடக் கலைஞர் திருத்தி வரைந்த படமும், சனாதனனின் வண்ணச் சித்திரமும். கோணலான பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் நேரான கோடு வரும்போது, எது உண்மையான வீடு என்று கண் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இரண்டு படங்களிலும் கிடைக்காத அமைதி அதில் எனக்குக் கிடைத்தது.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் இருந்தா. தங்கச்சியின் மகன் தன் கொப்பியையும் பென்சிலையும் நீட்டி, "அம்மம்மா, உங்கட வீட்டைக் கீறுங்கோ" என்றான். அம்மா வாசலிலிருந்து தொடங்குவா என்று நினைத்தேன். அவ தாளின் ஒரு மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டா. "இது கிணறு" என்றா. பிறகு அதிலிருந்து குசினி வரைக்கும் எத்தனை எட்டு என்று விரலால் எண்ணத் தொடங்கினா.