ஜப்பான் ‘போலீஸ் சான்றிதழ்’ படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

ஜப்பானிலிருந்து பழைய கேமரா, கைக்கடிகாரம், பிராண்டு பை வாங்குபவர்களிடம் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கருநீலப் பலகை, வெள்ளை எழுத்து, நடுவில் நீளமாக ஒரு எண். “இது ஜப்பான் போலீஸ் கொடுத்த ஒரிஜினல் சான்றிதழ்” என்று சொல்லி விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதோடு வாங்குபவர் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறார். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வருவது போலியோ, பூஞ்சை பிடித்த லென்ஸோ. பல நேரம் பார்சலே வராது.

அந்தப் பலகை கொபுட்சுஷோ உரிமத்துக்கானது. பயன்படுத்திய பொருள்களை வாங்கி விற்பதற்கு, 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்த மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையம் தருவது. விண்ணப்பத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் 19,000 யென். போலீஸ் பெயர் அடிபடுவதற்குக் காரணம் அவ்வளவுதான். திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுப்பதும், போனால் தடம் பிடிப்பதும்தான் இந்தச் சட்டத்தின் வேலை. அதனால் 10,000 யென்னும் அதற்கு மேலும் கொடுத்துப் பொருள் வாங்கும் கடைக்காரர், விற்க வந்தவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பை அசலா, கேமரா ஓடுகிறதா என்று எந்தப் போலீஸ்காரரும் பார்ப்பதில்லை. உரிமம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் உங்களுக்கு வரும் பொருளைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

உரிமமே திருடப்பட்டதா என்று பார்ப்பது எளிது. எண் 12 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் எந்த ஆணையம் கொடுத்தது என்பதைக் காட்டும்: டோக்கியோவுக்கு 30, ஒசாகாவுக்கு 62. ஒசாகா ஆணையம் என்று எழுதிவிட்டு 30-ல் தொடங்கினால் பலகை போலி. ஆனால் மோசடிக்காரர்கள் பெரும்பாலும் எண்ணை உருவாக்குவதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு கடையின் பலகையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். எண் சரியாகத்தான் இருக்கும், ஆள்தான் வேறு. சொந்த இணையதளத்தில் விற்பவர் தளத்தின் முகவரியையும் போலீஸிடம் தெரிவிக்க வேண்டும். ஆணையங்கள் அந்தப் பட்டியலைத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. பலகையில் உள்ள எண்ணை அந்தப் பட்டியலில் தேடி, பக்கத்தில் இருக்கும் முகவரியும் நீங்கள் பார்க்கும் கடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஒரு கோடு, ஒரு எழுத்து கூடினாலும் வேறு கடை. பலகையில் ‘கேமரா’ என்பதற்குப் பதில் ‘கருவிகள்’ என்றிருப்பதை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிட வேண்டாம். பொருள்கள் 13 வகை, பலகையில் வருவது முதன்மை வகை மட்டும்.

தன் வீட்டில் பயன்படுத்திய பொருளை விற்பவருக்கு இந்த உரிமம் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனம் என்று சொல்லிக்கொண்டால் 13 இலக்க நிறுவன எண்ணைக் கேளுங்கள். ஜப்பான் தேசிய வரி முகமையின் தளத்தில் போட்டால் பெயரும் முகவரியும் வந்துவிடும். முதல் இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அது 0 ஆக வராது. தனிநபர் வியாபாரிக்கு இந்த எண் கிடையாது.

பிராண்டு பைகளில் இன்னொரு சின்னம் காட்டுவார்கள்: போலிச் சரக்கைத் தடுக்க 1998-ல் தொடங்கிய ஏஏசிடி சங்கத்தின் உறுப்பினர் அடையாளம். இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது கடைக்கு, பைக்கு அல்ல. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லாமல் சின்னம் மட்டும் இருந்தால் மேலே பேச வேண்டாம்.

சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தும் பணம் போகிற இடம் ஒன்று உண்டு, அது பொருளின் விவரம். பொருளின் நிலையைச் சொல்லும் ஏ, ஏபி, பி என்ற தரவரிசைக்கு நாடு முழுக்கப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் ‘ஏ’ இன்னொரு கடையின் ‘பி’. ‘ஜங்க்கு’ (கழிவுச் சரக்கு) என்றால் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘இயக்கிப் பார்க்கவில்லை’ என்ற வரியை நான் நம்புவதில்லை. பேட்டரி போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? ஜப்பானிய மூலத்தில் ‘கபி’ (பூஞ்சை), ‘குமொரி’ (மங்கல்) என்று நேர்மையாக எழுதியிருப்பார்கள், ஆங்கில விளம்பரத்தில் அந்த வரி காணாமல் போயிருக்கும். லென்ஸானால் ஒளி நுழையும் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து எடுத்த வீடியோ வேண்டும். சிலந்தி நூல் போல் கிளைத்துப் போனால் பூஞ்சை, முழுவதும் பால் பூசினாற்போல் தெரிந்தால் மங்கல். பகல் வெளிச்சத்தில் எடுத்த அழகான படத்தில் இரண்டுமே தெரியாது.

கணக்கின் பெயரும் உரிமத்தின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். பேபால் இணையப் பணச் சேவையில் ‘பிரண்ட்ஸ் அண்ட் பேமிலி’ (நண்பர், உறவினருக்கு அனுப்பும் முறை) வழியாக அனுப்பச் சொன்னாலும் அதே பதில்தான். அந்த வழியில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்கும் முறையில் கட்டினால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். “அடுத்த வாரம் அனுப்புகிறேன்” என்று இழுப்பது அந்த 180 நாளைக் கடத்தத்தான். விளம்பரப் பக்கம், உரையாடல், பலகைப் படம் எல்லாவற்றையும் பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் முதலில் அழிவது விளம்பரம்தான். பார்சல் வந்தால் ஒட்டியிருக்கும் லேபிளிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாக, சீரியல் எண் தெரியும் வரை எடுங்கள்.