காலி ஃபோல்டரும் மூன்று ஆடியும்

கிருஷ்ணகிரியில் கல்யாண போட்டோ எடுப்பது என் பிழைப்பு. ஆர்டர் வந்ததும் பார்ட்டி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே நிச்சயம், நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன், ட்ரோன், ஆல்பம் என்று காலி ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் மொத்தமாக ஒட்டிவிடுவேன். பாதிப் பேர் ட்ரோன் கேட்பதில்லை. ஃபோல்டர் மட்டும் அப்படியே கிடக்கும்.

ஒருநாள் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மா மகனுடைய நிச்சயதார்த்தப் படம் கேட்டு வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் திறக்கத் திறக்க எல்லாம் காலி. “என்னப்பா, அழிச்சிட்டியா?” படம் வேறொரு ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது.

அந்த வருடம் ஆடியில், கல்யாணம் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘ரிமூவ் எம்ப்டி டைரக்டரீஸ்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். சுருக்கமாக ரெட் என்பார்கள். டிரைவைக் காட்டினால், அழிக்கப் போவதைச் சிவப்பில் காட்டும். அழிப்பதை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள்ளும் ஒன்றுமில்லை என்றாலும் பிடித்துவிடும். பார்வைக்குக் காலியாக இருந்தும் உள்ளே தம்ப்ஸ்.டிபி (சின்னப் படங்களைக் காட்ட விண்டோஸ் தானே போட்டுவைக்கும் ஃபைல்) ஒளிந்திருக்கும் ஃபோல்டர்களையும் காலிக் கணக்கிலேயே சேர்க்கும். கையால் செய்தால் இங்கேதான் ஏமாறுவோம்.

முதல் தடவை சுமார் 2,300 ஃபோல்டர்கள் போயின. இடம் மிச்சமாகும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாக ஃபைல்களை அடுக்கும் முறை) டிரைவில் ஒரு காலி ஃபோல்டருக்குப் பெரும்பாலும் டிரைவின் பதிவேட்டில் 1 கேபி அளவுள்ள ஒரு பதிவுதான். அத்தனையும் சேர்த்தால் என் கேமராவின் ஒரு ஜேபெக் படத்தின் அளவுகூட வராது. அழித்தாலும் அந்தப் பதிவேடு சுருங்காது, அடுத்து வரும் ஃபைலுக்கு அந்த இடம் போகும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த லாபம் தேடும் நேரம்.

இரண்டாவது ஆடியில் தெனாவெட்டாக முழு டி டிரைவையும் கொடுத்துவிட்டேன். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் தானாகப் படம் இறக்க ஒரு ஃபோல்டரைக் காட்டியிருந்தேன். படம் வந்ததும் அங்கிருந்து எடுத்துவிடும், அதனால் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அதுவும் சிவப்பாகிப் போய்விட்டது. ஒரு வளைகாப்பு முடித்து வந்து உட்கார்ந்தால் ஒரு படமும் இறங்கவில்லை. என் தப்புதான், பட்டியலைப் படிக்காமல் பட்டனை அமுக்கினேன். ஃபோல்டரை மறுபடி உருவாக்கி வழியைக் காட்டியதும் சரியானது.

இப்போது அந்த ஃபோல்டரைத் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் பக்கம் போவதே இல்லை. அங்கே காலியாக இருப்பதற்கும் யாரோ காரணம் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது ஆடியில் சிக்கியவை நாற்பதுகூட இல்லை. ட்ரோன் ஃபோல்டரை, ட்ரோன் பறந்த பிறகுதான் போடுகிறேன்.