ஒன்ராறியோக் காடா, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவா? ஃபிளை தூண்டிலோடு கூடாரம் அடிக்க எங்கே போவது

ரொறன்ரோவில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் திருகோணமலையில் குறைவு. அங்கே போன பிறகு சிலருக்கு ஃபிளை ஃபிஷிங் பைத்தியம் பிடித்துவிடுகிறது. கொக்கியில் இறகு கட்டிச் செய்த பொய் இரையை (அதுதான் ஃபிளை) தடித்த நூலால் வீசி மீன் பிடிக்கிற வேலை அது. "ஒருக்கா வா, வடக்குக் காட்டுக்குள் போய் ஏரிக்கரையில் கூடாரம் அடிப்போம்" என்று வருடா வருடம் அழைப்பு வரும். இங்கே இருப்பவர்கள் விடுவார்களா? ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் வேண்டுமென்றால் நுவரெலியா இருக்கிறது, அடிக்கிற மீன் வேண்டுமென்றால் திருகோணமலைக்கு வடக்கே இறக்கக்கண்டியில் பாரை இருக்கிறது, அதற்கு ஏன் கனடா என்று கேட்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் கனடா. மீனுக்காக என்றால் திருகோணமலை. நுவரெலியா மூன்றாவது இடம்தான், அதுவும் கொஞ்சம் தள்ளி.

கனடா என்று இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவை. நம் ஆட்கள் அதிகம் போவதும் அங்கேதான். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம் அளவில் வரும். 1893இல் அமைத்த பூங்கா. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல், அதாவது நம் முழு மாவட்டத்தையும் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளே ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். நெடுஞ்சாலை தெற்கு மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. மிச்சமெல்லாம் தோணிப் பாதைதான். ஓர் ஏரி முடிந்ததும் தோணியைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். எடை குறைந்த கெவ்லார் தோணிகூட இருபது கிலோ வரும். முதுகில் கூடாரப் பை வேறு. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்திவிட்டு நிலாவெளிப் பக்கம் யோசிக்கலாம்.

அங்கே தேடிப்போகிற மீன் புரூக் ட்ரவுட். பெயர் ட்ரவுட் என்றாலும் அது சார் என்ற குளிர்நீர் இனத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காது. ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஏரியின் பனிக்கட்டி உருகியதும் சில வாரங்கள் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் இரை தேடும். ஃபிளை எட்டக்கூடிய காலம் அதுதான். ஜூலையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு அழகாக வீசினாலும் கீழே இருக்கிற மீனுக்கு அது தெரியப்போவதில்லை. செப்டம்பரில் தண்ணீர் குளிரத் தொடங்க மறுபடியும் மேலே வரும். ஆனால் அந்த மாதம் முடிவதோடு பிடிக்க அனுமதித்த பருவமும் முடிந்துவிடும்.

இதில்தான் சிக்கல். நல்ல மீன் மே மாதத்தில் என்றால், மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈயின் காலமும் கூட. ஓடுகிற தண்ணீரில் பிறக்கிற சின்னப் பூச்சி. காதுக்குப் பின்னால், முடி ஓரத்தில், சட்டைக் கை மடிப்புக்குள் புகுந்து கடிக்கும். இருண்ட நிற உடுப்பு என்றால் அதற்கு விருப்பம் கூட. நுளம்பைப் போல இரவில் வருவதில்லை, பகலில்தான் படை. நம்மூர் நுளம்புக்குப் பழகியவர்கள் "இதெல்லாம் ஒரு கடியா" என்று வீரம் பேச வேண்டாம், தலையை மூடும் வலையை வாங்கிக்கொள்ளுங்கள். புத்திசாலிகள் பனி உருகிய முதல் இரண்டு வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுகிறார்கள். இரவில் கடுங்குளிர் இருக்கும், அதைச் சகிக்கத்தான் வேண்டும்.

இப்போது நம் பக்கம். திருகோணமலையிலும் நல்ல காலம் ஏப்ரல் கடைசியில்தான் தொடங்குகிறது, ஆனால் செப்டம்பர் வரை நீள்கிறது. மாரியில் வாடைக்காற்றும் மழையும் கடலைக் கலக்கிவிடும். முகத்துவாரங்களில் செம்மண் வெள்ளம் ஓடும், ஃபிளை தூண்டிலுக்கு அது பயன்படாது. தென்மேல் பருவத்தில் மேற்கே மழை கொட்டும்போது நமக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வெளிநாட்டு உறவினர் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஜூலை, ஓகஸ்டில்தான் ஊருக்கு வருகிறார்கள். அதாவது அவர்களுடைய ஏரியில் மீன் ஆழத்துக்குப் போய்விட்ட மாதங்களில் நம் களப்பு வாசலில் மீன் ஓடுகிறது. காலத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மச்சானுக்கு இங்கே தொல்லை கொடுக்கப்போவது கச்சான் காற்று. மேற்கிலிருந்து தரை வழியாகக் காய்ந்து வந்து கடலை நோக்கி வீசும். கிழக்கே பார்த்து நிற்கிறவருக்கு முதுகுக் காற்று, நூல் முன்னால் பறக்குமே என்று தோன்றும். ஆனால் ஃபிளை தூண்டிலில் பாரம் இருப்பது கொக்கியில் இல்லை, நூலில். அந்தத் தடித்த நூல் முதலில் பின்னால் முழுக்க விரிந்தால்தான் முன்னால் போகும். பின்வீச்சு காற்றுக்குள் போய் மடிந்தால் முன்வீச்சும் காலடியிலேயே விழும். விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தை விட்டால், கண்டல் மரங்கள் காற்றை மறைக்கிற களப்பு ஓரங்களைத் தேட வேண்டும். தம்பலகாமக் குடாவின் ஓரங்களும் கிண்ணியாப் பக்கமும் அதற்கு நல்லவை.

மீனின் பலத்தைப் பற்றி விவாதமே தேவையில்லை. அல்கொன்குயினில் ஒரு கிலோ தாண்டிய புரூக் ட்ரவுட்டுக்குப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். உலகப் பதிவாக உள்ள மீன் பதினான்கரை இறாத்தல். ஒன்ராறியோவின் நிப்பிகன் ஆற்றில் நூறு வருடங்களுக்கு முன் பிடித்தது. இங்கே மூன்று கிலோப் பாரை ஒன்று மாட்டினால் ரீலிலிருந்து நூல் போகிற சத்தத்தில் ட்ரவுட் பழக்கமெல்லாம் மறந்துபோகும். கட்டா தண்ணீருக்கு மேலே பாயும். சீலா வந்தால் பல்லால் நைலோன் நூலை வெட்டிவிடும், நுனியில் கொஞ்சம் கம்பி கட்டாமல் போக வேண்டாம். கண்டல் வேருக்குள் கொடுவா இருந்தால், மாட்டிய முதல் சில நொடிகளுக்குள் வெளியே இழுக்காவிட்டால் கதை முடிந்தது.

அழகு என்று பார்த்தால் ட்ரவுட்டுக்குத்தான் என் வாக்கு. இலையுதிர் காலத்து ஆண் மீனின் செம்மஞ்சள் வயிறும், நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளியும் எந்தக் கடல்மீனிலும் கிடையாது. சட்டிக்குள் போகும் மீன் என்றால் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கனடாக்காரர் கொண்டுவருகிற சாமான் இங்கே செல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். ட்ரவுட்டுக்கு ஐந்தாம் இலக்கத் தடி போதும் (இலக்கம் கூடக் கூடத் தடி பலமானது). கரையிலிருந்து பாரைக்கு எட்டாம் இலக்கமாவது வேண்டும், ரீலின் பிரேக் உப்புக்குத் தாங்க வேண்டும், மாலையில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஃபிளைகளில் குளோசர் மின்னோ ஒன்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். கண் இருக்கும் இடத்தில் உலோகப் பாரம் இருப்பதால் கொக்கி முனை மேல்நோக்கி நிற்கும், மணலில் மாட்டாது. வெள்ளை நிறத்தில் கட்டினால் சூடை மீன் போலவே ஓடும். இன்னொன்று கையின் பழக்கம். ட்ரவுட்காரர் மீன் கடித்ததும் தடியை மேலே தூக்குவார். கடலில் அப்படிச் செய்தால் ஃபிளை மீன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். தடியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கையால் நூலைச் சுண்டி இழுக்க வேண்டும். இதைக் கரையில் நின்று தங்கூசியோடு மீன் பிடிக்கிற நம் பொடியன்கள் யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள்.

கூடாரத்துக்கு வருவோம். அல்கொன்குயினில் கரடி இருக்கிறது. உணவுப் பையை நிலத்திலிருந்து நாலு மீற்றர் உயரத்தில், மரத்திலிருந்து தள்ளித் தொங்கவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. இன்னொரு விதி நம் ஆட்களுக்குத்தான் அதிகம் வலிக்கும்: உள்காட்டு முகாம்களுக்கு ரின்னும் போத்தலும் கொண்டுபோகக் கூடாது. ரின் மீன் இல்லாமல் முகாமா என்று கேட்காதீர்கள். மாசிச் சம்பலைப் பையில் கட்டிக்கொண்டு போகலாம், ரொட்டிக்கு மாவு கொண்டுபோகலாம், சமாளிக்கலாம்.

இங்கே கரடிக்குப் பதில் யானை. அதனால்தான் கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கமும் திரியாய், புல்மோட்டை வழிப் பற்றைக்காடுகளும் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடாரம் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். பொழுதுபட்டதும் யானை தண்ணீருக்கு வரும் வழி அது. அரிசியும் உப்பும் மணந்தால் வீட்டுச் சுவரையே உடைக்கிற விலங்குக்குக் கூடாரத் துணி எம்மாத்திரம்? மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கத்தில் முதலை உண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசுவதை அங்கே மறந்துவிடுங்கள். மணல் திட்டில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் உரசிக்கொண்டே போக வேண்டும், திருக்கை விலகிப்போகும். புறாமலை தேசியப் பூங்கா, தூண்டில் பையைத் திறக்கவே கூடாது. கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம், அதுவும் கூடாரத்துக்கான இடம் அல்ல. மிஞ்சுவது உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரையான கரையில், தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு. ஊர் ஆட்களுக்கும் பொலிசுக்கும் சொல்லிவிட்டு அடியுங்கள். துறைமுகத்துக்குள் கடற்படை எல்லைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடாரத்தின் மேல்துணியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜூலை இரவில் நுளம்பு வலை போன்ற உள்கூடு மட்டும் போதும், மேலே துணி போட்டால் உள்ளே வெந்துபோவீர்கள்.

தனிமை மட்டும் இங்கே கிடைக்காது. விடிய முன்னமே கரைவலை இழுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள், வந்தவர்கள் "என்ன தம்பி, கொக்கியில இறகு கட்டியிருக்கு?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். அவர்கள் வலை வளைக்கிற இடத்தில் வீசாமல் தள்ளி நிற்க வேண்டியது நம் கடமை. கைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். அல்கொன்குயினில் இரண்டு ஏரி தாண்டினாலே கைபேசிக்கு உயிர் இல்லை, கேட்பது லூன் பறவையின் குரல் மட்டும். விசாவுக்கும் விமானத்துக்கும் கொட்டுகிற காசு உண்மையில் இதற்குத்தான். இவ்வளவு பெரிய தனிமைக் காடு நம் தீவில் எங்கும் கிடையாது.

நுவரெலியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெள்ளைக்காரர் 1880களில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள், வானவில் ட்ரவுட் நிலைத்துவிட்டது. கண்டி வழியாகப் போனால் ஒரு பகல் முழுக்க ஓட்டம். ஓடைகளில் மீன் சின்னது. தோட்டத்துக்குள் ஓடும் தண்ணீருக்குத் தோட்டத்து அனுமதி வேண்டும். ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முகாம் இடங்கள் உண்டு. தை மாசியில் புல் மேல் உறைபனி விழும் அந்தக் குளிருக்காக மட்டும் போகலாம். ஆனால் அங்குள்ள ஓடைகளில் மட்டுமே வாழும் சிறு இறால் இனம் ஒன்றை இந்த வந்தேறி மீன் தின்று குறைக்கிறது என்பதை அறிந்த பிறகு, அங்கே ட்ரவுட் பெருக வேண்டும் என்று எனக்கு ஆசை வருவதில்லை.

ஆகவே மச்சான் ஓகஸ்டில் வருகிறார் என்றால் அவரை இங்கேயே மறித்துக் களப்புக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் கனடாப் பயணத்தை மே முதல் இரண்டு வாரத்துக்கு வைத்து, விசா வேலையை மாரியிலேயே தொடங்குங்கள். அவர் வரும்போது எட்டாம் இலக்கத் தடியோடு, வெப்பநாட்டுக்கென்று செய்த நூலையும் கேட்டு வாங்குங்கள். குளிர்நாட்டு நூல் நம் வெயிலில் இளகி ஒட்டத் தொடங்கும்; தடி வளையங்களில் வழுக்காது. இங்கத்தைய நூலை அங்கே கொண்டுபோனாலும் உதவாது, குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும்.