550 வாட்டா, 750 வாட்டா? கிராபிக்ஸ் கார்டு மாற்றுவோருக்கு

காட்பாடிப் பக்கம் கார்டு மாற்றும் கல்லூரிப் பிள்ளைகள் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

விலை: 550 வாட் பிரான்ஸ் (Bronze) கைக்கு அடக்கம். அதைவிட உயர்ந்த திறன் தரமான கோல்டு (Gold) 750க்குக் கூடவே எடுத்துவைக்க வேண்டும்.

கார்டு: என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட், 550 தாராளம். 4070 என்றால் 200 வாட், முழுக் கணினிக்கும் சேர்த்து என்விடியாவே 650 கேட்கிறது. அதற்கு 750தான் சரி.

சூடு: வேலூர் வெயிலுக்கு இதைத்தான் முதலில் பார்ப்பேன். பாதிச் சுமையில் பிரான்ஸின் திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கு, குறைந்தது 85 சதவீதம், கோல்டுக்கு 90 அளவில். மிச்சமெல்லாம் சூடாகிறது, கேம் ஓடும்போது பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கேபிள்: பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகும் 8 பின் கேபிள் 150 வாட் கொடுக்கும். அது இல்லையென்று மோலெக்ஸ் (பழைய 4 பின் இணைப்பு) அடாப்டர் மாட்டி ஒப்பேற்றாதீர்கள், கருகிவிடும்.

4060 போதுமென்றால் நல்ல கம்பெனி 550 வாங்குங்கள். அப்புறம் பெரிய கார்டுக்குப் போவீர்கள் என்றால் இப்போதே 750.