சாட்ஸ்வொர்த் இலவச ரேபிஸ் தடுப்பூசி முகாம்: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், கோயிலை ஒட்டிய திடலில் அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்த இலவச ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி முகாமுக்கு எங்கள் வீட்டு நாய்களை அழைத்துச் சென்றிருந்தேன். ஊசி போட்ட விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஊசி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதில்தான் எனக்கு மனக்குறை.

மருந்துக் குப்பிகளை ஐஸ் அடுக்கிய பெட்டியில் வைத்திருந்தார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒருவர் உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நாய்க்கும் புதிய ஊசியைப் பயன்படுத்தினார்கள். குப்பியின் தொகுதி எண்ணை அட்டையில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, நாயின் நெற்றியில் நீல வண்ணக் கட்டியால் ஒரு கோடு இழுத்து அனுப்பினார்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்: நாய்க்கும் பூனைக்கும் 3 மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதங்களுக்குள் இரண்டாவது, அதன்பின் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயம்.

டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இந்த நோயின் வரலாறு நீண்டது. 1961இல் மொசாம்பிக் வழியாக நாய்களிடம் நுழைந்து, 1968 வாக்கில் அடக்கப்பட்டு, 1976இல் மீண்டும் வந்து இங்கேயே தங்கிவிட்டது. 2009இல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில், உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய திட்டம் அதை வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் 2021இல் நோய் மறுபடியும் தலைதூக்கியது.

ஒரு முகாமை எதைக்கொண்டு அளப்பது என்பதை நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. ஆகவே பாதி நாய்களுக்கும் குறைவாக எதிர்ப்புசக்தி இருந்தால்கூடப் பரவல் தளர்ந்துவிடும். பிறகு ஏன் 70 விழுக்காடு என்று இலக்கு வைக்கிறார்கள்? ஊசி போட்ட நாய்கள் சாகின்றன, ஊசி போடாத குட்டிகள் பிறக்கின்றன, அடுத்த முகாம் வருவதற்குள் பாதுகாப்பு கரைந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவுக்கும் சேர்த்துத்தான் 70.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டு குறைகள் கண்ணில் பட்டன. இரண்டு மாதக் குட்டிகளை அட்டைப் பெட்டியில் தூக்கி வந்த ஓர் ஆயாவிடம், “மூன்று மாதம் ஆகட்டும், ஆயா” என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் சொல்லும் வயதை அவர்கள் மீறவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெருந்திரள் முகாம்களில் 3 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் ஊசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் குட்டிகள் அடுத்த மாதம் எங்கே இருக்கும், யார் அழைத்து வருவார்கள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவது குறை இன்னும் பெரியது: வரிசையில் நின்றவை பெரும்பாலும் கயிற்றுக்குப் பழகிய, காரில் வந்திறங்கிய நாய்கள். கயிறு கட்டவிடாத முற்றத்து நாய்களும், பல வீடுகள் சோறு போட்டு வளர்க்கும் தெருநாய்களும் வரவே இல்லை. நோயைச் சுமந்து திரியும் வாய்ப்பு இவற்றுக்கே அதிகம்.

மனிதர்களுக்கான அறிவுரையை முகாமில் நன்றாகவே சொன்னார்கள். கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றே முதல் ஊசி, பின்பு 3, 7, 14ஆம் நாட்களில் மற்றவை. தோல் கிழிந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற, நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் செலுத்த வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதால், இதைத் தமிழிலும் சொல்ல ஒருவரை நிறுத்தியிருந்தால் பெரியவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும். நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம்.

நாய் வளர்ப்பவர்கள் தயங்காமல் இந்த முகாமுக்குப் போகலாம். ஊசி தரமானது, செலவும் இல்லை. நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: முகாம் முடிந்த மறுநாளே, நீலக்கோடு அழிவதற்குள், இரண்டு பேர் தெருத்தெருவாக நடந்து கோடு உள்ள நாய்களையும் இல்லாதவற்றையும் எண்ணட்டும்; கோடு இல்லாதவை அதிகம் திரியும் தெருக்களுக்கு அதே வாரத்தில் ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போகட்டும்.